சுரங்கமே வராத இடத்தில் சேதம் எப்படி வருகிறது? வட கனடாவின் கனிமத் தேடல் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஆர்க்டிக் பக்கம் யுரேனியம் இருக்கிறது, வைரம் இருக்கிறது, தங்கம் இருக்கிறது என்று ஒரு செய்தி வந்தால் போதும், இரண்டு விதமான வாதம் ஓட ஆரம்பித்துவிடும். ஆள் நடமாட்டமே இல்லாத பனிக்காட்டில் நாலு துளை போட்டுப் பார்த்தால் என்ன கெட்டுப்போகும் என்று ஒரு தரப்பு கேட்கும். கம்பெனிக்காரன் கால் வைத்துவிட்டான், இனி அந்த இடம் அவ்வளவுதான் என்று இன்னொரு தரப்பு சொல்லும். இரண்டு தரப்புமே தேடுவதையும் தோண்டி எடுப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கின்றன. அந்தக் குழப்பம் தீராமல் 'சேதத்தைக் குறைக்க வேண்டும்' என்று பேசுவதில் பயனில்லை, எந்தச் சேதம் என்றே தெரியாதே.

நம்மூரில் போர் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது துளை இறங்கிய பிறகுதான் தெரியும். ஆனால் அதற்கு முன்பே, ரிக் லாரி சந்துக்குள் நுழைவதற்காக வேப்பமரக் கிளையை வெட்டியாகிவிட்டது, பக்கத்து வீட்டுப் படி உடைந்துவிட்டது, தெரு முழுக்கச் சேறு. அறுநூறு அடி போயும் வெறும் புகைதான் வந்தது என்றால் லாரி கிளம்பிப் போய்விடும். உடைந்த படி பக்கத்து வீட்டுக்காரருக்கு. தண்ணீர் கிடைக்காத போருக்கும் ஒரு செலவு உண்டு, அதில் ஒரு பங்கைச் சம்பந்தமே இல்லாதவர் கட்டுகிறார். கனிமத் தேடலின் பிரச்சினையும் ஏறக்குறைய இதுதான், அளவு மட்டும் பல நூறு கிலோமீட்டர்.

தேடல் என்பது ஒரே வேலை அல்ல

கனிமத் தேடல் படிப்படியாக நடப்பது. முதலில் பழைய வரைபடங்கள், செயற்கைக்கோள் படங்கள், விமானத்தில் காந்தக் கருவி கட்டிப் பறந்து எடுக்கும் அளவுகள். அப்புறம் ஆட்கள் இறங்கி மண்ணும் கல்லும் அள்ளிப் பார்ப்பார்கள். நம்பிக்கை வந்தால் அந்த நிலத்தில் தேடும் உரிமையைப் பதிவு செய்வார்கள். பிறகு முகாம், அதற்கு எரிபொருள் பீப்பாய்கள், தற்காலிக விமானத் தளம், துளையிடும் எந்திரம். எல்லாம் கூடி வந்தால் டன் கணக்கில் பாறை எடுத்துச் சோதனை. சுரங்கம் அதற்கும் பிறகுதான்.

வடமேற்குப் பிரதேசங்கள் என்ற பெயருள்ள வட கனடாப் பிரதேசத்தில் வைரம் கிடைத்த கதை இதற்கு நல்ல உதாரணம். சக் ஃபிப்கி, ஸ்டூவர்ட் ப்ளஸ்ஸன் என்ற இரண்டு நிலவியலாளர்கள் பல வருஷம் வெறும் மண் மாதிரிகளைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். வைரப் பாறையோடு கூடவே இருக்கும் சில கனிமத் துகள்களைப் பழங்காலப் பனியாறுகள் அரைத்து மேற்கே தள்ளிக்கொண்டு போயிருந்தன. அந்தத் துகள்களைப் பின்பற்றி, பனியாறு வந்த வழியிலேயே எதிர்த்திசையில் கிழக்கே போய், 1991-ல் லாக் டி கிரா ஏரிப் பக்கம் மூலப் பாறையைப் பிடித்தார்கள். மண்ணை அள்ளிச் சலித்த அந்த வருஷங்களில் நிலத்துக்குப் பெரிய காயம் எதுவும் இல்லை. ஆனால் செய்தி வெளியே வந்த மறுநாளிலிருந்து கதை மாறிவிட்டது. கனடா வரலாற்றிலேயே மிகப் பெரிய உரிமைப் பதிவு ஓட்டங்களில் ஒன்று தொடங்கி, கம்பெனிகள் சுற்றுவட்டாரத்தையே கட்டம் கட்டமாக வளைத்துப் போட்டன. எக்கட்டி வைரச் சுரங்கம் 1998-ல் திறந்தது, டயாவிக் 2003-ல். வளைக்கப்பட்ட கட்டங்களில் பெரும்பாலானவற்றில் சுரங்கம் எதுவும் வரவில்லை, வரவும் வராது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சுரங்கம் ஓர் இடத்தை ஆழமாகக் கெடுக்கும். தேடல் லேசாகக் கெடுக்கும், ஆனால் பரவலாக. சுரங்கத்துக்கு ஒரு வேலி, ஒரு பெயர்ப்பலகை, ஒரு மூடல் திட்டம் இருக்கும். தேடலின் தடம் நூறு இடங்களில் சிதறிக் கிடக்கும், பாதிக்கு உரிமையாளர் யார் என்றே பின்னாளில் தெரியாமல் போகும். வடக்கில் ஏரிக்கரைகளில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய பீப்பாய்கள் அப்படி விடப்பட்டவைதான்.

சுருக்கமாக: தேடல்கள் பெரும்பாலும் சுரங்கத்தில் போய் முடிவதில்லை. அதனால் "சுரங்கம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருந்தால் தேடலின் சேதத்தை யாருமே பார்க்கமாட்டார்கள்.

அந்த நிலத்தில் டயர் தடம் ஏன் ஆறுவதில்லை

வட கனடாவின் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில் வருஷம் முழுக்க உருகாத மண் இருக்கிறது. குறைந்தது இரண்டு வருஷம் தொடர்ந்து பூஜ்ஜியம் டிகிரிக்கு மேல் போகாத மண்ணை நிலைத்த உறைநிலம் என்கிறார்கள். அதன் தலையில் ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் கோடையில் இளகி, குளிரில் மறுபடி இறுகும். செடி, பாசி, புழு, பூச்சி எல்லாம் அந்த அடுக்கை நம்பித்தான் வாழ்கின்றன. தூந்திரா என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, மரம் வளராத அந்தச் சமவெளியின் உயிர் முழுக்க இந்தச் சில சாண் ஆழத்தில்தான் இருக்கிறது.

கோடைச் சூட்டை உள்ளே விடாமல் தடுப்பது மேலே இருக்கும் பாசிதான். அதன் மேல் ஒரு கனரக வண்டி ஓடினால் பாசி நசுங்கும், கறுக்கும். கறுத்த இடம் வெயிலை அதிகம் உறிஞ்சும், சூடு கீழே இறங்கும், அடியிலிருக்கும் பனிக்கட்டி உருகும். கட்டி இருந்த இடம் காலியானதும் மண் உட்காரும், அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீர் இன்னும் சூட்டைப் பிடித்து இன்னும் ஆழமாக உருக்கும். வண்டி போய் எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அந்த வேலை தானாக நடந்துகொண்டே இருக்கும். தரை இப்படி உருகி உட்காருவதற்குத் தெர்மோகார்ஸ்ட் என்று பெயர்.

பக்கத்து அலாஸ்காவில் இதை நிதானமாக அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே ஆர்க்டிக் வனவிலங்குச் சரணாலயத்தின் கடலோரச் சமவெளியில் 1984, 1985 குளிர்காலங்களில் எண்ணெய்க்காக நில அதிர்வு ஆய்வு நடந்தது. தரையை அதிரவைத்து, அந்த அதிர்வு அடிப்பாறைகளில் மோதித் திரும்புவதை அளந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கணிப்பதுதான் அந்த ஆய்வு. தரை உறைந்திருக்கும் பருவத்தில், எச்சரிக்கையோடு செய்த வேலைதான். தடங்களில் பெரும்பகுதி மீண்டுவிட்டது. ஆனாலும் மண்ணுக்கு அடியில் பனிக்கட்டி அதிகமான இடங்களில் இருபது வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் சில தடங்கள் ஆறவில்லை. அதில் ஒரு வேடிக்கை உண்டு: அதிர்வு வண்டிகள் போன பாதையைவிட, தொழிலாளர்கள் தங்கும் அறைகளைச் சங்கிலியாகக் கட்டி இழுத்துப்போன பாதைகள்தான் அதிகம் கெட்டன. அறிவியல் வேலை செய்த சேதத்தைவிட, சமையலறையும் படுக்கையறையும் நகர்ந்ததால் வந்த சேதம் அதிகம்.

காரிபூ, ஓநாய், நேரான கோடு

காரிபூ என்பது பனிநாட்டு மான். வடக்கில் வாழும் டெனே, இனுயிட் பழங்குடி மக்களுக்கு இறைச்சியும் தோலும் கதையும் எல்லாம் அதுதான். சமவெளிக் காரிபூக் கூட்டங்கள் ஒவ்வொரு வருஷமும் பல நூறு கிலோமீட்டர் நடந்து, கன்று போடுவதற்கென்று இருக்கும் பகுதிகளுக்குத் திரும்பும். பிறந்த கன்றோடு நிற்கும் தாய் மான், தலைக்கு மேலே ஹெலிகாப்டர் வந்தால் மேய்வதை விட்டு ஓடும். ஒருநாள் ஓடினால் ஒன்றும் ஆகிவிடாது. கோடை முழுக்க, தினமும், ஏழெட்டு முகாம்களிலிருந்து ஹெலிகாப்டர் பறந்தால் கணக்கு வேறு.

பாத்தர்ஸ்ட் என்ற காரிபூ மந்தையில் 1986-ல் சுமார் 4,70,000 மான்கள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2018-ல் மிஞ்சியவை சுமார் 8,200. இதற்குச் சுரங்கமும் தேடலும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேட்டை, காட்டுத்தீ, தட்பவெப்பம், மானை அடித்துத் தின்னும் விலங்குகள், இயல்பாகவே ஏறி இறங்கும் எண்ணிக்கை என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. ஆனால் இந்த அளவுக்கு இளைத்துப்போன மந்தைக்குச் சின்னத் தொந்தரவும் பெரிதுதான்.

காட்டுப் பகுதியில் கதை வேறு மாதிரி. அங்கே நில அதிர்வு ஆய்வுக்காக மரங்களை வெட்டி நேர்க்கோட்டில் பாதை போடுவார்கள், பழைய முறையில் ஐந்து மீட்டருக்கு மேலும் அகலமாக. அடர்ந்த காட்டுக்குள் தட்டுத் தடுமாறி நடந்துகொண்டிருந்த ஓநாய்க்கு அது நெடுஞ்சாலை. வேகமாகப் போகலாம், தூரத்தில் நிற்பதையும் பார்க்கலாம். ஓநாய் வர முடியாத சதுப்புக்குள் ஒதுங்கிப் பிழைத்துவந்த காட்டுக் காரிபூவின் ஒளிவிடம் இப்படித்தான் போயிற்று. அல்பர்ட்டா மாகாணத்தில் பத்து இருபது வருஷத்துக்கு முன்பு போட்ட கோடுகள் இன்னும் மரம் மூடாமல் கிடக்கின்றன. மரம் வெட்டப்பட்ட பரப்பைக் கூட்டிப் பார்த்தால் காட்டின் மிகச் சிறு பங்குதான் வரும். பரப்பை மட்டும் கணக்கிடுபவர்கள் "ஒரு சதவீதம்கூட இல்லையே" என்பார்கள், ஓநாய்க்குச் சதவீதம் தெரியாது.

இதுவரை: மண்ணில் விழும் தடம், விலங்குக்கு வரும் தொந்தரவு என்று இரண்டைப் பார்த்தோம். இரண்டிலுமே எவ்வளவு பெரிய வேலை என்பதைவிட எந்த இடத்தில், எந்த மாதத்தில் என்பதுதான் சேதத்தைத் தீர்மானிக்கிறது.

'வெற்று நிலம்' யாருடைய கண்ணுக்கு?

பாரம்பரியம் என்றதும் நமக்குக் கோயில், கோட்டை, கல்வெட்டு ஞாபகம் வரும். வடக்கில் அப்படி எதுவும் கண்ணில் படாது. கூடாரத் தோலைக் காற்றில் பறக்காமல் பிடிக்க வைத்த கற்களின் வட்டம், இறைச்சியைப் பதுக்கிய கற்குழி, மான்களை ஒரு பக்கமாக ஓட்டிவரக் கட்டிய கல்வரிசை, இனுக்சுக் என்னும் அடுக்குக்கல் அடையாளம், தரையைத் தோண்ட முடியாததால் மேலே கல் குவித்து மூடிய கல்லறை. தெரியாதவருக்கு இவை எல்லாமே வெறும் கல். முகாம் போடவந்த ஒருவர் தன் கூடாரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கையில் கிடைத்த நாலு கல்லை எடுத்தால் போதும், ஆயிரம் வருஷத்துத் தடயம் கலைந்துவிடும், கலைத்தவருக்கே தெரியாது.

இதைத் தற்செயல் என்று விட்டுவிடவும் முடியாது. பனியாறு உருகிய காலத்தில் அதன் அடியில் ஓடிய ஆறுகள் விட்டுப்போன நீளமான மணல்மேடுகள் வடக்கெங்கும் உண்டு. எஸ்கர் என்பார்கள். காய்ந்த தரை, காற்று வீசுவதால் கொசு குறைவு, பக்கத்தில் ஏரி, நாலாபுறமும் பார்வை. இன்றைய தேடல் குழு முகாம் போடவும் சரளை எடுக்கவும் சின்ன விமானம் இறக்கவும் தேடுவது இந்த மாதிரி இடத்தைத்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு மான் வேட்டைக்கு வந்தவர்களும் இதே காரணங்களுக்காக இங்கேதான் தங்கினார்கள், இறந்தவர்களை இங்கேதான் வைத்தார்கள். ஓநாயும் நரியும் வளை தோண்டுவதும் இங்கேதான், மற்ற இடம் உறைந்து கிடக்கிறதே. எல்லாருக்கும் பிடித்த இடம் ஒன்றே என்பதால் மோதல் அங்கேயே நடக்கிறது. பரந்து கிடக்கும் நிலத்தில் ஒரு மூலையில் முகாம் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள்.

சட்டம் கொஞ்சம் உதவுகிறது. வடமேற்குப் பிரதேசங்களிலும் பக்கத்துப் பிரதேசமான நுனவுட்டிலும் 50 வருஷத்துக்கு மேற்பட்ட மனிதச் சுவடு தொல்பொருள் என்ற பாதுகாப்புக்குள் வரும். பிரதேச நிலப் பயன்பாட்டு விதிகளின்படி, தொல்லியல் இடம் அல்லது புதைவிடம் என்று தெரிந்த இடத்திலிருந்து, சந்தேகப்படும் இடத்திலிருந்தும்கூட, 30 மீட்டருக்குள் அனுமதியில்லாமல் வேலை செய்யக் கூடாது. ஆனால் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமே. அதனால்தான் எந்திரம் வருவதற்கு முன்பு தொல்லியலாளரும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து நடந்து பார்ப்பது முக்கியமாகிறது.

குறைப்பது எப்படி

இதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அதைத் தலைகீழாக்கினால் காசும் போகும் நிலமும் போகும். முதலில் இடத்தை மாற்ற முடியுமா என்று பார்ப்பது. முடியாவிட்டால் காலத்தை மாற்றுவது. அதுவும் முடியாவிட்டால் முறையை மாற்றுவது. துப்புரவு கடைசியில்தான். விளம்பரங்களில் பெரும்பாலும் கடைசியில் இருப்பதை முதலில் காட்டுவார்கள், செடி நட்ட படத்தோடு.

காலத்தை மாற்றுவதில் பழைய உதாரணம் பேக்கர் லேக். இப்போது நுனவுட்டில் இருக்கும் இனுயிட் ஊர் அது. சுற்றிலும் யுரேனியம் தேடும் வேலை பெருகியபோது, மான்கள் விலகிப்போகின்றன என்று அவர்கள் 1970-களின் கடைசியில் நீதிமன்றம் போனார்கள். 1979-ல் வந்த தீர்ப்பு அந்த நிலத்தில் இனுயிட் உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டது, ஆனால் தேடலை நிறுத்தவில்லை. அந்தப் போராட்டத்தின் ஊடே 1978-லேயே காரிபூப் பாதுகாப்பு விதிகள் வந்துவிட்டன. கன்று போடும் பகுதிகளில் மே 15 முதல் ஜூலை 15 வரை வேலை நிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

மண்ணுக்கு நேர்மாறாகக் குளிர்காலம்தான் நல்லது. அலாஸ்காவின் வடசரிவில் தூந்திராவில் வண்டி ஓட்டலாமா என்பதை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்வதில்லை. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் மைனஸ் 5 டிகிரிக்கு இறங்கியிருக்க வேண்டும், கடலோரத்தில் 15 சென்டிமீட்டரும் மலையடிவாரத்தில் சுமார் 23 சென்டிமீட்டரும் பனி படிந்திருக்க வேண்டும், அப்போதுதான் அனுமதி.

முறையை மாற்றுவதில் நிறைய முன்னேறியிருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காட்டில் கோடுகளைச் சில மீட்டருக்குள் சுருக்கி, நேராக இல்லாமல் வளைத்து வளைத்து வெட்டுகிறார்கள், ஓநாய்க்குத் தூரப் பார்வை கிடைக்காது. சில இடங்களில் கையாலேயே வெட்டுகிறார்கள். துளையிடும் எந்திரத்தைப் பிரித்து ஹெலிகாப்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள், பாதையே போட வேண்டாம். ஆனால் பாதை மிச்சமான இடத்தில் சத்தம் கூடுகிறது. மண்ணுக்கு நல்லது மானுக்குக் கெட்டது, இந்த இழுபறி எல்லா இடத்திலும் உண்டு. இன்னொன்று, உறைநிலத்தில் துளையிடும்போது துளை உறைந்துவிடாமல் இருக்க உப்புக் கரைசல் ஊற்றுவார்கள். அது ஏரியில் கலக்காமல் குழியில் தேக்கித் திரும்ப எடுக்க வேண்டும். சின்ன விஷயம்போலத் தெரியும், ஆய்வாளர் வந்து பார்க்கும்போது பெரும்பாலும் இதையும் எரிபொருள் கசிவையும்தான் முதலில் பார்ப்பார்.

கேட்பது என்பது என்ன

முறைகளையெல்லாம் பின்பற்றினாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: அங்கே வாழ்பவர்களைக் கேட்டார்களா? கனடாவில் இது மரியாதைக்குச் செய்வது இல்லை. பழங்குடி உரிமைகளைப் பாதிக்கக்கூடிய முடிவை எடுப்பதற்கு முன்பு அரசு அவர்களைக் கலந்து பேசியாக வேண்டும் என்பது சட்டக் கடமை. யூகான் என்ற வட கனடாப் பிரதேசத்தில் சிறிய அளவுத் தேடலுக்கு யாரிடமும் சொல்லாமலே போய்விடலாம் என்று இருந்த நிலையை 2012-ல் ராஸ் ரிவர் டெனா மக்கள் தொடர்ந்த வழக்கு மாற்றியது.

க்ளைட் ரிவர் வழக்கை எத்தனை முறை சொன்னாலும் தகும். பாஃபின் தீவின் கரையில் இருக்கும் சிறிய இனுயிட் ஊர் அது. அந்தக் கடலில் ஐந்து வருஷம் நில அதிர்வு ஆய்வு நடத்த 2014-ல் அனுமதி கொடுத்தார்கள். திமிங்கிலமும் சீலும் வேட்டையாடிச் சாப்பிடும் ஊர், சத்தம் அவற்றை விரட்டினால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். கூட்டத்தில் பல கேள்விகளுக்குக் கம்பெனித் தரப்பால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு பதிலாக வந்தது 3,926 பக்க ஆவணம். இணையம் மெதுவாக ஓடும் ஊரில் அதை இணையத்தில் ஏற்றி வைத்தார்கள், ஊர் மக்களின் இனுக்டிடுட் மொழியில் பெயர்க்கப்பட்டதோ ஒரு துளி. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. காகிதத்தைக் கொட்டிவிட்டால் கலந்து பேசியதாக ஆகாது என்பது நீதிபதிகளுக்கும் தெரிந்திருந்தது.

சில இடங்களில் குறைப்பதே சாத்தியமில்லை. வடமேற்குப் பிரதேசங்களில் மேல் தெலான் ஆற்றுப் பக்கம், ஸ்க்ரீச் ஏரியில், அதிகபட்சம் 20 துளைகள் போட்டு யுரேனியம் தேட ஒரு கம்பெனி கேட்டது. துளைகளின் பரப்பு சொற்பம். லுட்செல்கே டெனே மக்களுக்கு அந்தப் பள்ளத்தாக்கு புனிதமான இடம். 2007-ல் சுற்றுச்சூழல் பரிசீலனை வாரியம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது, அமைச்சரும் ஏற்றுக்கொண்டார். திட்டம் சின்னது, பண்பாட்டுப் பாதிப்பு சின்னதில்லை என்பதுதான் அதன் சாரம். இத்தனை துளை போட்டால் புனிதம் இத்தனை சதவீதம் குறையும் என்று கணக்குப் போட முடியாது என்பதை ஓர் அரசு வாரியம் எழுத்தில் ஏற்றது அபூர்வம்.

ஒவ்வொரு துளைக்கும் இப்படிச் சண்டை போடுவதைவிட, எங்கே தேடவே கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது. யூகானின் பீல் ஆற்றுப் படுகை, ஏறக்குறைய 67,000 சதுர கிலோமீட்டர், அந்த வழியில் போனது. திட்டமிடல் ஆணையம் பெரும்பகுதியைக் காக்கச் சொன்னது, அரசு அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் திட்டத்தைக் கொண்டுவந்தது, வழக்கு 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக முடிந்தது. 2019-ல் கையெழுத்தான திட்டத்தில் சுமார் 83 சதவீதம் ஏதோ ஒரு வகைப் பாதுகாப்பில் இருக்கிறது. அதில் ஒரு பங்கு இடைக்காலப் பாதுகாப்புதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குளிர்காலம் சுருங்கினால்

மேலே சொன்ன தீர்வுகளில் பாதி, தரை நன்றாக உறையும் என்ற நம்பிக்கையில் நிற்பவை. அலாஸ்காவில் தூந்திராவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட காலம் 1970 வாக்கில் வருஷத்துக்கு 200 நாளுக்கு மேல் இருந்தது, 2000-த்தின் தொடக்கத்தில் சுமார் 100 நாளாகிவிட்டது. வட கனடாவின் ஏரிகள் மேல் போடும் பனிச் சாலைகளுக்கும் இதே கவலை. குளிர்கால வேலைநாள் குறையக் குறைய, அதே வேலையை ஹெலிகாப்டரில் கோடைக்குத் தள்ளச் சொல்லி அழுத்தம் வரும், அப்படித் தள்ளப்படும் வேலை நேராகப் போய் முட்டுவது மே 15-க்கும் ஜூலை 15-க்கும் இடையில் கன்றோடு நிற்கும் மான்களிடம்தான்.